ஸ்பிரே கன் வாங்கும் முன் கம்ப்ரசரைப் பாருங்கள்

போன ஐப்பசியில் திண்டுக்கல் பக்கம் என் பெரியப்பா மகனின் மரப்பட்டறைக்குப் போயிருந்தேன். தேக்கில் நிலை, கதவு, பூஜை மாடம் செய்பவர். பாலிஷ் வேலைக்கென்று புதிதாக, பெயிண்டை மிச்சப்படுத்தும் எச்.வி.எல்.பி. வகை ஸ்பிரே கன் ஒன்று வாங்கியிருந்தார். அதில் பி.யு. (பாலியூரிதேன்) கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு அடித்த கதவை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். மேல் பாதி கண்ணாடி. நடுவிலிருந்து கீழே வரவரப் பளபளப்பு உடைந்து, ஆரஞ்சுப் பழத்தின் தோல் போலப் பொடிப்பொடி மேடுபள்ளம். "கன்னு சரியில்ல தம்பி. இதைக் குடுத்துட்டு வேற மாத்தணும்" என்றார்.

கன் நன்றாகவே இருந்தது. மேல் பாதியை அப்படி அடித்த கன், கீழ்ப் பாதிக்கு வரும்போது கெட்டுப்போக வாய்ப்பில்லை. இடைப்பட்ட ஒரு நிமிடத்தில் மாறியது ஒன்றுதான்: மூலையில் ஓடிக்கொண்டிருந்த, காற்றை அழுத்தித் தரும் 2 எச்.பி. கம்ப்ரசரின் தொட்டியில் இருந்த காற்று.

எந்தக் கன் நல்லது என்ற கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், கார் பெயிண்டர் இன்னொன்றைச் சொல்வார், யூடியூபில் மூன்றாவதைச் சொல்வார்கள். அவரவர் வேலைக்கு அவரவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் நம் பட்டறையில் எந்தக் கன் வேலை செய்யும் என்பதை முதலில் தீர்மானிப்பது நம்மிடம் இருக்கும் காற்று. அதற்குப் பிறகு பெயிண்ட். கன்னின் பெயரும் விலையும் அதற்கும் பிறகு.

கன் செய்யும் வேலை பெயிண்டைத் துளியாக உடைப்பது. 1 லிட்டர் பெயிண்டை 50 மைக்ரான் துளிகளாக, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள துளிகளாக உடைத்தால் ஏறக்குறைய 1,500 கோடித் துளிகள் கிடைக்கும். அத்தனை துளிகளின் மேற்பரப்பையும் விரித்துக் கூட்டினால் 120 சதுர மீட்டர் வரும். டப்பாவுக்குள் ஒரு கையகலம் மட்டும் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்த பெயிண்ட், கன்னிலிருந்து பலகைக்குப் போகும் அரை நொடிக்குள் ஒரு சின்ன வீட்டின் தரையளவுக்குக் காற்றைத் தொட்டுவிடுகிறது. பெயிண்டை இளக்கச் சேர்க்கும் தின்னர் ஏன் அவ்வளவு வேகமாக ஆவியாகப் பறக்கிறது, வெயில் காலத்தில் ஏன் துளி பலகையைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாக உட்காருகிறது, மழைக்காலத்தில் ஏன் பாலிஷ் வெளுக்கிறது எல்லாவற்றுக்கும் விடை இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

துளி பெரிதாக இருந்தால் பலகையில் விழுந்த பிறகு ஒன்றோடொன்று கலந்து சமமாகாது. மேடுபள்ளம் அப்படியே காய்ந்துவிடும். அதுதான் ஆரஞ்சுத் தோல். துளி மிகவும் பொடியாகிவிட்டால் புகையாகப் பறந்து சுவரிலும் தரையிலும் பெயிண்டரின் நுரையீரலிலும் போய்ச் சேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு ஒவ்வொரு கன்னும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது.

கிணறும் ஊற்றும்

கம்ப்ரசரைப் பற்றிப் பேசும்போது எச்.பி. எவ்வளவு, தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்கிறோம். கன்னுக்கு வேண்டியது மூன்றாவது எண்: நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று, அதாவது சி.எஃப்.எம்.

இதைக் கிணற்றை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தொட்டி என்பது கிணறு. கம்ப்ரசர் என்பது ஊற்று. கன் என்பது தண்ணீரை இறைக்கும் மோட்டார். ஊற்று சுரப்பதைவிட மோட்டார் அதிகம் இறைத்தால், கிணறு எவ்வளவு ஆழமானாலும் வற்றத்தான் போகிறது. ஆழமான கிணறு கொஞ்சம் தாமதமாக வற்றும், அவ்வளவே. பெரிய தொட்டி வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் கிணற்றை ஆழப்படுத்துகிறார்கள். ஊற்று அதே ஊற்றுதான்.

அண்ணன் பட்டறைக் கணக்கைப் பார்ப்போம். நல்ல நிலையில் இருக்கும் பிஸ்டன் கம்ப்ரசர் 1 எச்.பி.க்கு 3 முதல் 4 சி.எஃப்.எம். வரை உண்மையில் வெளியே தரும். பெயர்ப்பலகையில் இதைவிடப் பெரிய எண் இருக்கும். அது பிஸ்டன் நகரும் இடத்தின் கொள்ளளவு. கையில் கிடைக்கும் காற்று அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அவருடையது கொஞ்சம் தேய்ந்த இயந்திரம். 6 சி.எஃப்.எம். தருகிறது என்போம். அவர் வாங்கிய எச்.வி.எல்.பி. கன் கேட்பது 13. நிமிடத்துக்கு 7 கன அடி கடன். 100 லிட்டர் தொட்டியின் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) 60-க்கு இறங்கினால் கிடைக்கும் காற்று ஏறத்தாழ ஒன்பதரை கன அடி. ஆக ஒன்றரை நிமிடத்துக்குள் கிணறு வற்றுகிறது. கதவின் ஒரு பக்கத்தை அடித்து முடிக்க அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். மேல் பாதி கண்ணாடி, கீழ்ப் பாதி ஆரஞ்சுத் தோல் என்ற மர்மம் இவ்வளவுதான்.

இதில் ஹோஸ் செய்யும் வேலையையும் சேர்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மெல்லிய ஹோஸில், 10 மீட்டர் தூரத்துக்குள் 15, 20 பி.எஸ்.ஐ. காணாமல் போவது சாதாரணம். ரெகுலேட்டர் மீட்டரில் 40 காட்டும். கன்னின் அடியில் 20 தான் இருக்கும். 10 மில்லிமீட்டர் ஹோஸ் போட்டால் அந்த இழப்பில் பெரும்பகுதி மீண்டுவிடும். கன் பிடியின் அடியில் ஒரு சின்ன மீட்டர் பொருத்தி, டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடி படிக்க வேண்டும். டிரிக்கரை விட்ட நிலையில் காட்டும் எண்ணை நம்பக் கூடாது, காற்று ஓடாதபோது எந்த ஹோஸிலும் இழப்பே தெரியாது.

ஒவ்வொரு கன்னும் ஏன் பிறந்தது

கன் வகைகளைப் பட்டியலாகப் படித்தால் குழப்பமே மிஞ்சும். எது எந்தச் சிக்கலுக்காக வந்தது என்று பார்த்தால் தானாகவே தெளியும்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தடவுவதற்குப் பதிலாகச் சாரலாகத் தெளிக்க ஒரு கருவி செய்து, 1888-ல் நிறுவனமும் தொடங்கினார். அவர் மகன் தாமஸ் 1907-ல் அதே உத்தியைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். இன்று கார் பட்டறைகளில் தொங்கும் கன்களின் மூதாதை ஒரு தொண்டை மருத்துவக் கருவி என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. அதற்கு முன்பே பம்பு வைத்துச் சுண்ணாம்பு பீய்ச்சும் வழக்கம் இருந்தது. சிகாகோவில் 1893-ல் நடந்த உலகக் கண்காட்சியின் வெள்ளைக் கட்டடங்களுக்கு அப்படித்தான் அடித்தார்கள். ஆனால் அது சுவருக்கு. மரச்சாமானுக்கும் காருக்கும் ஏற்ற மெல்லிய பூச்சு காற்றால் உடைக்கும் கன்னில்தான் சாத்தியமானது.

அப்போதும் தொழிற்சாலைகள் உடனே பிரஷ்ஷைக் கைவிட்டுவிடவில்லை. பிரஷ்ஷுக்கு முடிவு கட்டியது ஒரு பெயிண்ட். 1920-களின் தொடக்கம் வரை கார்களுக்கும் குதிரை வண்டிகளுக்கு அடிப்பது போலவே வார்னிஷ் அடுக்கடுக்காகப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசினார்கள். ஒரு கார் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் அதில் நீல நிறம் பூசி வந்தன. டூகோ காய்கிற வேகத்துக்குப் பிரஷ்ஷால் ஈடுகொடுக்க முடியாது. அடுத்த இழுப்பு இழுப்பதற்குள் முந்தைய இழுப்பு இறுகிவிடும். தெளித்தால் மட்டுமே சமமாக உட்காரும். நம் பட்டறைகளில் இன்றும் என்.சி. என்று சொல்லி அடிக்கிற லாக்கர் அதே நைட்ரோசெல்லுலோஸ் குடும்பம்.

அந்தப் பழைய முறைக் கன்தான் இன்றும் ஊரெங்கும் இருக்கும் சாதாரண கன். 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று பெயிண்டை அடித்து நொறுக்கும். துளி அழகாகப் பொடியாகும். கை வேகமாகப் போகும். குறை என்னவென்றால், அந்த வேகத்தில் பலகையில் மோதும் காற்று திரும்பும்போது பெயிண்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. கப்பில் ஊற்றியதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் பொருளில் ஒட்டும். மிச்சம் புகை. நாள் முழுக்க அடித்துவிட்டு வரும் பெயிண்டரின் புருவத்தைப் பார்த்தால் அன்று என்ன நிறம் அடித்தார் என்று தெரிந்துவிடும்.

இந்தப் புகைக்கு எதிராகச் சட்டம் வந்தது கலிபோர்னியாவில். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, 1980-களின் பிற்பகுதியில், பெயிண்டில் குறைந்தது 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்று விதித்தது. அதற்கு விடையாகப் பரவியதுதான் எச்.வி.எல்.பி.: காற்று அதிகம், அழுத்தம் குறைவு. கன்னின் முகப்பில் உள்ள ஏர் கேப்பில் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது என்பது அதன் இலக்கணம். அழுத்தத்தைக் குறைத்துவிட்டு அதே அளவு துளியாக உடைக்க வேண்டுமானால் காற்றின் அளவைக் கூட்டியாக வேண்டும். ஆகவே 12 முதல் 18 சி.எஃப்.எம். கேட்கும். அண்ணன் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பெயிண்டை மிச்சப்படுத்தும் கன் என்று கேட்டு வாங்கினார்; அது காற்றைச் செலவழித்துத்தான் பெயிண்டை மிச்சப்படுத்துகிறது என்று யாரும் சொல்லவில்லை.

மிச்சம் என்பது சின்ன விஷயமில்லை. சாதாரண கன்னில் 1 லிட்டர் ஊற்றினால் பலகையில் 300 மில்லி. எச்.வி.எல்.பி.யில் 650 மில்லி. அதே கதவுக்குப் பாதிக்கும் குறைவான பெயிண்ட் போதும். மாதம் இருபது கதவு அடிக்கும் பட்டறையில் கன்னின் விலை தானாகவே திரும்பிவிடும், காற்று இருந்தால்.

5 எச்.பி. கம்ப்ரசர் எல்லோரிடமும் இராது என்பதைப் புரிந்துகொண்டு கன் செய்பவர்கள் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எல்.வி.எல்.பி. (காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு) என்று விற்பவை 4 முதல் 7 சி.எஃப்.எம். அளவில் வேலை செய்யும். பூச்சு விழும் பட்டை கொஞ்சம் குறுகல், கை கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும், கெட்டியான பிரைமரில் திணறும். ஆனால் 2 எச்.பி. வைத்திருக்கும் மரப்பட்டறைக்கு இதுவே கைக்கு ஏற்ற கருவி. கார் பட்டறைகளில் ஆர்.பி. போன்ற பெயர்களில் வருகிறவை வேறு மாதிரி நடுவழி. 10 சி.எஃப்.எம். அளவுக்குக் கேட்டு, அழுத்தத்தைச் சற்றே கூட்டி, அந்த 65 சதவீதத்தையும் எட்டிவிடும். கிளியர் அடிக்கும் பெயிண்டர்களில் பலர் எச்.வி.எல்.பி.யைவிட இதை விரும்புகிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். துளி இன்னும் பொடியாக விழுகிறது, வேகமும் குறைவதில்லை.

ஒரு எச்சரிக்கை. குறைந்த விலைக் கன்களின் உடம்பில் எச்.வி.எல்.பி. என்று அச்சடித்திருப்பார்கள். அட்டைப்பெட்டியில் காற்றுத் தேவை எவ்வளவு, எத்தனை பி.எஸ்.ஐ.யில் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு எண்களும் இல்லாமல் மூன்றெழுத்து நான்கெழுத்துப் பெயர் மட்டும் இருந்தால், அது சாதாரண கன் என்றே எண்ணி வாங்குவது நல்லது.

காற்றே வேண்டாத கன்

ஏர்லெஸ் வேறு சாதி. இதில் காற்று பெயிண்டைத் தொடுவதே இல்லை. பம்பு பெயிண்டையே 2,000 முதல் 3,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தி, மயிரிழை போன்ற துவாரத்தின் வழியே தள்ளும். கார் டயரில் இருப்பது 30 சொச்சம் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் எத்தகையது என்று புரியும். வெளியே வந்த கணமே பெயிண்ட் தானாகச் சிதறித் துளியாகிறது. தண்ணீர் அதிகம் கலக்காத கெட்டி எமல்ஷன், இரும்புப் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் அடிக்கும் எபாக்ஸி, இவற்றுக்கெல்லாம் இதுதான்.

அந்தத் துவாரம் உள்ள முனைதான் டிப். அதன் மேல் 517 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்கினால், ஓர் அடி தூரத்தில் பட்டை எத்தனை அங்குலம் விழும் என்று கிடைக்கும். இங்கே 10 அங்குலம். பின்னால் உள்ள 17 என்பது துவாரத்தின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினேழு பங்கு. உள்சுவர் எமல்ஷனுக்கு இது பொதுவான அளவு. இந்த ஓர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் டிப் வாங்கும்போது யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டிய, சாமான் எதுவும் இல்லாத அடுக்குமாடி வீட்டில் ஏர்லெஸ்ஸுக்கு இணை கிடையாது. ஆள் குடியிருக்கும் வீட்டில் கட்டில், ஃபேன், சுவிட்ச், ஜன்னல் என்று எல்லாவற்றையும் பேப்பர் ஒட்டி மறைக்கிற நேரத்தில் இரண்டு ஆள் ரோலர் போட்டு முடித்துவிடுவார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் முதல் கோட்டைத் தெளித்தால் உடனே பின்னாலேயே ஒருவர் ரோலரை உருட்டிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் பொடியின் மேல் உட்கார்ந்து, அடுத்த வருடம் உரிந்து வரும்.

இதைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஏர்லெஸ் டிப்புக்கு முன்னால் விரலை வைக்கக் கூடாது, சுத்தம் செய்யும்போதும் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்துப் பெயிண்டை உள்ளே செலுத்திவிடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் அதிகம் இராது. உள்ளே தசைநார் வழியாகப் பெயிண்டும் கரைப்பானும் பரவிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். சின்னக் காயம் என்று துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உள்ளே போனது என்ன பெயிண்ட் என்று டப்பாவையும் காட்ட வேண்டும். பம்பை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, பிறகே டிப்பைக் கழற்ற வேண்டும். இதைக் கூலிக்கு வரும் பையனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கன்னைக் கழுவும் வேலை பெரும்பாலும் அவனிடம்தான் போகிறது.

ஆன்லைனில் விற்கும், பிளக்கில் சொருகி அடிக்கும் 500, 700 வாட் கன்கள் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்பார்கள். அவை சின்ன விசிறி வைத்த எச்.வி.எல்.பி. கன்கள்தான். கம்ப்ரசர் வேண்டாம், காற்றில் தண்ணீர் வராது. ஆனால் அந்த விசிறி எழுப்பும் அழுத்தம் மிகக் குறைவு. கேட், கிரில், தோட்டத்து வேலி, கோழிக்கூண்டு இவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். கார் கதவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அதை எடுத்தால் பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

இன்னும் ஒரு வகை உண்டு, பெரிய ஆலைகளில். பெயிண்ட் துளிக்கு மின்னேற்றம் கொடுத்து, பொருளைத் தரையோடு இணைத்துவிட்டால் துளிகள் தேடிப்போய்ப் பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஹரால்ட் ரான்ஸ்பர்க் 1940-களில் வளர்த்த உத்தி. சைக்கிள் ஃபிரேம், கம்பி நாற்காலி போன்றவற்றுக்கு அருமை. சிறு பட்டறைக்கு இது தேவைப்படாது.

கப் மேலேயா, கீழேயா

மேலே கப் உள்ள கன்னில் பெயிண்ட் தன் எடையால் இறங்குகிறது. கீழே டப்பா தொங்கும் கன்னில் காற்றின் ஓட்டம் அதை உறிஞ்சி ஏற்ற வேண்டும். அதற்கே கொஞ்சம் காற்றும் அழுத்தமும் செலவாகிவிடும். காற்று பற்றாக்குறையாக இருப்பவர்கள் மேல் கப்பை எடுப்பதே சரி. கடைசிச் சொட்டு வரை இறங்கும் என்பதால், அளந்து கலக்கும் பி.யு.வுக்கும் மெட்டாலிக் நிறங்களுக்கும் வீண் குறையும். கீழ் டப்பா 1 லிட்டர் பிடிக்கும், மேசையில் வைத்தால் சாயாமல் நிற்கும், பெரிய பரப்புக்கு அடிக்கடி ஊற்ற வேண்டாம். கரூரில் பஸ் பாடி கட்டும் இடங்களைப் போலப் பக்கவாட்டில் முப்பது அடிக்கு மேல் நீளும் வேலை என்றால் இரண்டும் சரிப்படாது; பெயிண்டைத் தனித் தொட்டியில் வைத்து அழுத்தி, ஹோஸ் வழியாக வெறும் கன்னுக்கு அனுப்புவதுதான் மணிக்கட்டுக்கு நல்லது.

பெயிண்ட் வெளியே வரும் துவாரமான நாசிலின் அளவில்தான் நிறையப் பேர் பிசகுகிறார்கள். கடையில் 1.4 மில்லிமீட்டர் போட்டே தருவார்கள். பேஸ் கோட் (கிளியருக்கு அடியில் வரும் நிறப்பூச்சு), கிளியர், மர பி.யு. எல்லாவற்றுக்கும் 1.3, 1.4 பொருந்தும். புட்டிக்கு மேல் அடிக்கும் கெட்டிப் பிரைமருக்கு 1.8 ஆவது வேண்டும். சின்னக் கீறல் ஒட்டுக்கு 0.8 அல்லது 1.0. கெட்டிப் பிரைமரை 1.4-ல் அடிக்க முடியவில்லை என்று தின்னரை ஊற்றிக்கொண்டே போனால் பிரைமர் நிரப்ப வேண்டிய கீறலை நிரப்பாது. காய்ந்த பிறகு தின்னர் போன இடம் உள்வாங்கி, கீறல் மறுபடி எட்டிப் பார்க்கும்.

தின்னர் அளவைக் குச்சியில் தூக்கி ஒழுகும் விதத்தைப் பார்த்தே சொல்லும் கைகாரர்கள் உண்டு. அந்தக் கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் சித்திரையில் ஒழுகும் வேகமும் மார்கழியில் ஒழுகும் வேகமும் ஒன்றாகாது. அடியில் துவாரமுள்ள பி4 கப்பை நிரப்பி, காலியாக எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பார்த்துவிட்டால் தர்க்கமே வேண்டாம். பெயிண்ட் டப்பாவின் விவரத்தாளில் விநாடிக் கணக்கு போட்டிருக்கும்.

நம் வெயிலும் நம் மழையும்

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் அளவுகள் 20 டிகிரிக் கூடத்துக்கானவை. மதுரையில் வைகாசி மதியம் 38, 40 டிகிரியில் தகரக் கொட்டகைக்குள் அடிக்கும்போது, பொடித் துளியின் தின்னர் பாதி வழியிலேயே பறந்துவிடுகிறது. கையால் தடவினால் உப்புத்தாள். இந்த வெயிலில் சாதாரண கன்னில் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகும். அழுத்தம் குறைந்த கன், மெதுவாகப் பறக்கும் தின்னர், காலை எட்டு மணிக்குள் கிளியர் என்று வைத்துக்கொண்டால் பாதி சிக்கல் வராது.

ஐப்பசி, கார்த்திகையில் எதிர்மாறான சிக்கல். தின்னர் பறக்கும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. கன்னிலிருந்து விரிந்து வரும் காற்றும் குளிர்ந்தே வருகிறது. ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்து, என்.சி. லாக்கர் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். ரிட்டார்டர் என்ற, மெதுவாகப் பறக்கும் தின்னரைச் சேர்த்தால் சரியாகும், அல்லது மழை விட்டு வெயில் ஏறும் வரை காத்திருக்கலாம். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கன்னுக்குச் செலவழிப்பதற்கு முன் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஒரு நல்ல வாட்டர் செபரேட்டருக்குச் செலவழிக்கலாம். காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரம் தொட்டியில் தண்ணீராகத் தேங்கும். தொட்டியின் அடியில் உள்ள வால்வைத் தினமும் திறந்துவிட வேண்டும். வருடக்கணக்கில் திறக்காத தொட்டியைத் திறந்தால் வரும் துருத்தண்ணீரைப் பார்த்தவர்கள் பிறகு மறக்கமாட்டார்கள்.

மூக்கைப் பற்றியும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு.வின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலுக்குப் போதும், அந்தத் தொழிலையே விட வேண்டி வரும். மூக்கைச் சுற்றிய துண்டு இதைத் தடுக்காது. கரி மாஸ்க்கும் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஐசோசயனேட்டுக்கு மணம் தெரியாது என்பதால் வடிகட்டி தீர்ந்துபோனதே தெரியாமல் இழுத்துக்கொண்டிருப்போம். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரியானது. விலை கூடுதல்தான். புகை குறைவாக எழுப்பும் கன்னை எடுக்கச் சொல்வதில் பெயிண்ட் மிச்சத்தைவிட எனக்கு இதுவே பெரிய காரணம்.

தாளில் தெரியும்

புதிய கன்னோ, இரண்டாம் கைக் கன்னோ, வாங்கும் முன் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரு நொடி டிரிக்கரை இழுத்துவிட வேண்டும். நல்ல கன்னில் நீண்ட முட்டை வடிவம் விழும், ஓரம் வரை சமமாக. நடுவில் குவிந்து ஓரம் வெறிச்சென்று இருந்தால் காற்று போதவில்லை, அல்லது பெயிண்ட் கெட்டி. நடுவில் மெலிந்து எட்டு போல இரண்டாகப் பிரிந்தால் காற்று அதிகம், அல்லது பெயிண்ட் தண்ணியாக இருக்கிறது. பிறை நிலா போல ஒருபக்கம் வளைந்தால் எங்கோ ஒரு துவாரம் அடைத்திருக்கிறது. ஏர் கேப்பை அரைச்சுற்று திருப்பி மறுபடி அடித்துப் பாருங்கள். பிறையும் திரும்பினால் அடைப்பு கேப்பில், திரும்பாவிட்டால் நாசிலில். விட்டுவிட்டுத் துப்பினால் நாசில் தளர்ந்திருக்கும், அல்லது கப் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும்.

அடைப்பை எடுக்க ஆணியோ கம்பியோ வேண்டாம். துவாரம் தலைமுடி அளவு பெரிதானாலும் பட்டை கோணிவிடும். தென்னை ஈர்க்கு போதும். முழுக் கன்னையும் இரவெல்லாம் தின்னரில் ஊறப்போடும் பழக்கத்தையும் விட வேண்டும், உள்ளே நாசிலைத் திறந்து மூடும் நீடிலைச் சுற்றியிருக்கும் பேக்கிங் வறண்டு சுருங்கி, மறுநாள் டிரிக்கர் பக்கமாகப் பெயிண்ட் கசியும்.

அண்ணன் பட்டறையில் அன்று இதைத்தான் செய்தோம். தொட்டி நிரம்பியதும் தாளில் ஓர் அடி. முட்டை வடிவம் விழுந்தது. பிறகு பழைய பலகையொன்றில் ஒன்றரை நிமிடம் நிறுத்தாமல் அடித்துவிட்டு, அதே தாளில் பக்கத்தில் இன்னோர் அடி. நடுவில் கொழகொழவென்று குவிந்து, ஓரத்தில் பெரிய புள்ளிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு அவர் கம்ப்ரசரைத் திரும்பிப் பார்த்தார். மறுவாரம் 1.3 நாசில் போட்ட எல்.வி.எல்.பி. ஒன்றும் 10 மில்லிமீட்டர் ஹோஸ் 10 மீட்டரும் வாங்கினார். எச்.வி.எல்.பி.யைத் திருப்பித் தரவில்லை. துடைத்து எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார், தைக்குப் பிறகு 5 எச்.பி. எடுக்கும்போது அதற்கு வேலை வரும் என்று. அந்தச் செய்தித்தாள் இன்னும் கம்ப்ரசருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.